யாருதும் இல்லாத ஒல்லி மரங்கள்

ஏப்ரல் 17

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த மறுநாளே நான் செய்த நல்ல காரியம்: அப்பாவின் செருப்பில் இடது வலதை மாற்றி வைத்தது. அப்பா தோட்டம் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, "இன்னைக்கு என்னமோ காலே கோணையா நடக்குது" என்றார். செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இப்படிப்பட்ட மனிதரை வைத்துக்கொண்டு சேட்டை செய்வதே வீண்.

சாயங்காலம் கோகிலவாணி அக்கா வந்தாள். வனவியல் மூன்றாம் வருஷம். பையைக் கீழே வைப்பதற்குள் டேப்பை எடுத்து வாசல் வேப்பமரத்தை அளந்தாள், அப்புறம் என் இடுப்பை.

"நீ போன வருஷத்துல இருந்து ஒண்ணும் பருக்கவே இல்லடி மிருது."

"வீட்டுல பெரிய மரம் ஒண்ணு வெளிச்சத்தை மறைச்சுக்கிட்டு நிக்குது. என்ன பண்றது?"

ஏப்ரல் 20

அக்காவோடு கோயில் தோப்புக்குப் போனேன். தோப்பு என்றால் மாந்தோப்பு இல்லை, தேக்குத் தோப்பு. வாய்க்காலை ஒட்டி எங்கள் குலதெய்வக் கோயில் நிலம். பதினேழு வருஷத்துக்கு முன்னால் பங்காளிகள் எல்லோரும் கூடி நட்டது. வீட்டில் உள்ள தலைக்கு ஒரு கன்று, ஆறடிக்கு ஒன்று. ஒவ்வொரு மரத்திலும் பேரெழுதிய ஒரு தகரத்தை ஆணி வைத்து அடித்திருக்கிறார்கள். எந்த மரம் யாருடையது என்பதற்கு அந்தத் தகரம்தான் சாட்சி. விற்றால் வருகிற காசு கோயிலுக்குத்தான். யார் வீட்டுக்கும் ஒரு பைசா போகாது. அப்புறம் தகரம் எதற்கு? பேருக்குத்தான்!

மற்ற வீடுகளில் பையன்களுக்கும் வந்த மருமகள்களுக்கும் மரம் உண்டு, பெண் பிள்ளைகளுக்குக் கிடையாது. "கட்டிக் குடுத்தா வேற கோயிலுக்குப் போற புள்ளைக்கு எதுக்கு மரம்?" என்று கேட்டார்களாம். அப்பா அக்காவுக்கும் சேர்த்து நட்டுவிட்டுத் தண்ணீர் சேந்தப் போய்விட்டாராம். எல்லோரும் கூடி நட்ட மரம், இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொள்வது அவர் ஒருவர்தான்.

என் மரம் நாலாவது வரிசையில், இரண்டு குண்டு மரங்களுக்கு நடுவில். என் கணுக்காலைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். அது மற்ற மரங்களைவிட இரண்டு வயது சின்னது. அந்தக் குழியில் முதலில் வேறொரு கன்று இருந்தது. நட்ட கோடையிலேயே பட்டுப்போனது. அந்தக் கன்றுக்குச் சொந்தக்காரனான என் அண்ணனும் அதே கோடையில்தான். மூன்று நாள் இருந்தானாம். அம்மா இந்தத் தோப்புப் பக்கம் வருவதில்லை.

அப்புறம் நான் பிறந்தேன், அதே குழியில் எனக்கு நட்டார்கள். கிரிக்கெட்டில் மாற்று ஆட்டக்காரர் ஃபீல்டிங் மட்டும் பண்ணலாம், பேட்டிங் கிடையாது. நானும் புகார் சொல்லவில்லை.

ஏப்ரல் 22

அக்கா காலேஜிலிருந்து ஓர் இரும்புத் துளைப்பான் கொண்டு வந்திருக்கிறாள். மரத்தில் திருகினால் உள்ளேயிருந்து பென்சில் மாதிரி ஒரு குச்சி வருகிறது. அதில் வருஷத்துக்கு ஒரு கோடு. முதல் குச்சியை எடுத்துக் காகிதத்தில் வைத்துவிட்டு அவள் திரும்பிய நேரத்தில், கோயிலில் கிடந்த ஊதுபத்திக் குச்சியை மாற்றி வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அதைப் படித்தாள். "ரொம்ப வறட்சி" என்று முணுமுணுத்தாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முதுகில் ஒன்று விழுந்தது.

நிஜக் குச்சியைக் காட்டினாள். நடுவில் முதல் ஆறேழு கோடுகள் தாராளமாக, விரல் வைக்கிற இடைவெளியில் இருந்தன. அதற்கப்புறம் நெருங்கி நெருங்கி, கடைசியில் நூலும் நூலும் ஒட்டிக்கொண்ட மாதிரி.

"இங்க என்ன ஆச்சு?"

"தழை தழையை முட்டிக்கிச்சு. மேல வெளிச்சத்துக்குச் சண்டை, கீழ தண்ணிக்குச் சண்டை. அன்னைக்கே பாதியைக் கலைச்சு விட்டிருக்கோணும்."

"அப்ப மொதல்லயே தள்ளித் தள்ளி நட்டிருக்கலாமே?"

"நட்டிருந்தா அந்த வாய்க்கா ஓரத்து மரமாட்ட ஆயிருக்கும்."

வாய்க்கால் ஓரத்து மரம்தான் தோப்பிலேயே பெரிசு. ஒரு பக்கம் முழுக்க வெயில், காலடியில் தண்ணீர். நான் அதைப் பார்த்து வாயைப் பிளந்தேன். அக்கா அதன் உடம்பைக் காட்டினாள். தலைக்கு மேலேயே தடித்தடியாகக் கிளை. நெருக்கம் இல்லாததால் கீழ்க்கிளை எதுவும் காய்ந்து உதிரவில்லை. ஒவ்வொரு கிளையும் உள்ளே ஒரு கணு. பலகை அறுத்தால் பலகை பூராவும் கண் கண்ணாக இருக்குமாம்.

ஆக, சின்ன வயதில் நெருக்கமாக இருக்க வேண்டும், அப்போதுதான் நெட்டையாக நேராகப் போகும். அப்புறம் இடம் விட வேண்டும், அப்போதுதான் பருத்து உள்ளே வைரம் ஏறும். எங்கள் ஆட்கள் முதல் பாதியைச் செய்துவிட்டு மறுபாதியை மறந்துவிட்டார்கள். தேக்கு என்று பேர் வைத்தார்கள், தேங்கி நிற்கிறது.

ஏப்ரல் 27

நாச்சிமுத்து பெரியப்பா வீட்டுக்கு வந்தார். அப்பாவுக்குப் பெரியப்பா மகன், கோயில் காரியம் எல்லாவற்றுக்கும் அவர்தான் தலை. காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னார். "தோப்பு இனி பருக்காதுப்பா. சாரக்கம்பு வியாபாரி மொத்தமாக் கேக்குறான். வெட்டிப்போட்டு மதில் கட்டீரலாம்."

பதினேழு வருஷத் தேக்கு, கட்டடக்காரர்கள் ஏறி நிற்கிற கம்பாகப் போகப்போகிறது.

அக்கா உடனே, "பாதியை எடுத்துட்டு மீதியை விட்டா இன்னும் இருபது வருஷத்துல வாசலுக்கு நெலவே செய்யலாமுங் பெரியப்பா" என்றாள். அவர், "கூட்டத்துல சொல்லு கண்ணு" என்று துண்டை உதறிக்கொண்டு போனார்.

அப்பா ராத்திரி இரண்டாவது தோசை வேண்டாம் என்றார். அப்பா இரண்டாவது தோசையை வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 30

தோப்பு முழுக்க அக்கா சுண்ணாம்புக்கட்டியால் குறி போட்டாள். வெட்ட வேண்டியதற்குப் பெருக்கல் குறி. நாலாவது வரிசையில் வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள்.

"போடு போடு. கணக்குல நான் எப்பவுமே பெருக்கல்ல வீக்."

போட்டாள்.

பக்கத்தில் நேராக நின்ற அவளுடைய மரத்தில் குறி இல்லை. அது நல்ல மரம்தான். யார் பார்த்தாலும் அதைத்தான் விடுவார்கள். நான் இதை எழுதுவது ஒரு தகவலுக்காக மட்டுமே.

மே 4

கூட்டம் கோயில் மண்டபத்தில். அக்கா குச்சிகளைக் காட்டி அழகாகப் பேசினாள். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்புறம் யார் யார் மரத்தில் குறி விழுந்திருக்கிறது என்று எழுந்து போய்ப் பார்த்தார்கள். முடிந்தது கதை.

முதலில் திரும்பி வந்தது ராமாத்தா பெரியம்மா, நாச்சிமுத்து பெரியப்பா வீட்டுக்காரி. வாய் ஒன்றுதான், சத்தம் நாலு பேருக்கு வரும்.

"ஏன் அம்மிணி, உன்றதை உட்டுப்போட்டு என்றதை வெட்டுவியா?"

"உங்க மரத்துக்கு உச்சி காஞ்சு போச்சுங் பெரியம்மா."

"என்ற உச்சி நல்லாத்தான் இருக்குது. உன்ற உச்சியைப் பாரு மொதல்ல!"

சென்னியப்பன் சித்தப்பா, "என்ற பையன் துபாய்ல இருக்கறான். அவன் மரத்தை வெட்டி அவனுக்கு அங்க ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா?" என்றார்.

"மொத்தமா வெட்டுனா மட்டும் ஒண்ணும் ஆகாதுங்களா?" இது நான். முறைத்தார்கள்.

பெரியப்பாதான் தீர்ப்பு சொன்னார். "ஒருத்தன் மரம் போயி ஒருத்தன் மரம் நின்னா, நாளைக்குக் கோயில்ல ஒருத்தரு மூஞ்சில ஒருத்தரு முழிக்க முடியுமா? போறது எல்லாருதும் போகட்டும். வர்ற ஞாயித்துக்கெழமை அவங்கவங்க மரத்துக்குச் சூடம் காட்டிக் கும்புட்டுக்குங்க. திங்கக்கெழமை ரம்பம் வருது."

எல்லோருக்கும் நிம்மதி. சமத்துவம் இப்படியும் வரும் என்று எங்கள் சமூக அறிவியல் புத்தகத்தில் இல்லை.

அப்பா மட்டும் தோப்புக்குள் போனார். ஒவ்வொரு வரிசையாக நடந்தார், எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி. நான் கூப்பிடவில்லை.

மே 6

ஆணி புடுங்குகிற சுத்தியல் எங்கே என்று அம்மா கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்?

மே 7

உள்ளங்கையில் கொப்புளம். பூப்பந்து விளையாடினேன் என்று சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டில் மட்டையே கிடையாது என்பது இதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

மே 9

பொதுநலத்துக்காக ஒரு தகவல்: மரத்தில் ஆணி இருந்தால் ரம்பத்தின் பல் உடையும், அறுக்கிற ஆள் மேல் தெறிக்கும். அக்காவே சொன்னது. யாரோ ஒரு நல்ல உள்ளம் தோப்பிலிருந்த ஆணிகளையும் தகரங்களையும் பிடுங்கிவிட்டது. சில மரங்கள் தகரத்தைப் பாதி தின்று முடித்திருந்தன. அவற்றை நெம்பி எடுப்பதற்குள் அந்த நல்ல உள்ளத்துக்கு முதுகு ஒடிந்துவிட்டது. சுண்ணாம்புக் குறிகளையும் ஈரச் சாக்குத்துணியால் துடைத்துவிட்டது. தகரங்கள் வாய்க்காலில் இல்லை. வாய்க்கால் அசுத்தமாகும் அல்லவா? பழைய இரும்புக்காரர் சைக்கிளில் போய்விட்டன.

நாலாவது வரிசைத் தகரம் ஒன்றைத் தவிர. அது என் பரீட்சை அட்டைக்குக் கீழே இருக்கிறது. சும்மாதான்.

மே 11

கை வலித்தாலும் இன்றைக்கு எழுதியே ஆக வேண்டும்.

காலையில் பங்காளி வீடுகள் எல்லாம் சூடமும் தேங்காயுமாக வந்தார்கள். தோப்புக்குள் நுழைந்ததும் சந்தைக்கடையில் கரண்ட் போன மாதிரி ஆகிவிட்டது.

"தகரம் எங்க?"

"எந்த நாயிடா புடுங்குச்சு?"

ராமாத்தா பெரியம்மா யாரையும் பார்க்கவில்லை, நேராக என் கையைத்தான் பார்த்தாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கோபுரத்தைப் பார்த்தேன். எங்கள் கோயிலுக்குக் கோபுரம் கிடையாது.

"செரி செரி, தகரம் போனா என்ன, என்ற மரம் எனக்குத் தெரியாதா?" என்று சென்னியப்பன் சித்தப்பா வாய்க்கால் ஓரத்துக் குண்டு மரத்துக்குப் போய்ச் சூடத்தை வைத்தார். ராமாத்தா பெரியம்மா பாய்ந்தாள்.

"அது என்றது! நான் என்ற கையால நட்டது!"

"உங்களுது உச்சி காஞ்சதுன்னு அன்னைக்கே சொன்னாங்கல்ல அண்ணி?"

"யாரு உச்சி காஞ்சது?"

இன்னும் மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். ஒரே மரத்தடியில் ஐந்து சூடம். மற்ற இடத்திலும் இதே கூத்துதான். பருத்த மரம், நேரான மரம் எல்லாவற்றுக்கும் மூணு பேர் நாலு பேர். துபாய்க்காரனுக்கு மட்டும் ஆறு மரம் சொந்தம். ஒல்லி மரங்களின் பக்கம் ஓர் ஈ கூடப் போகவில்லை.

எனக்கு இவர்களைக் குழப்பி ரம்பத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட வேண்டும் என்பதுதான் திட்டம். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. யோசித்தது அக்கா. கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றாள்.

"பெரியப்பா, பெரிசெல்லாம் உங்க எல்லாருதும்தானுங்க. செரி. அப்ப இந்த ஒல்லிக் குச்சியெல்லாம் யாருதுங்?"

பக்கத்தில் நின்ற ஒன்றைத் தட்டிக் காட்டினாள்.

"சென்னியப்பன் சித்தப்பா, இது உங்களுதுங்களா?"

"ச்சே ச்சே. நம்ம வீட்டு மரம் இப்படியா இருக்கும்?"

"பெரியம்மா, இது?"

"எனக்கெதுக்கு அந்த வெளக்குமாத்துக் குச்சி?"

அக்கா எல்லோரையும் சுற்றிப் பார்த்தாள். "யாருதும் இல்லாததை எடுத்தா யாருக்கும் நட்டமில்லைங்களே பெரியப்பா. உங்க மரமெல்லாம் நிக்கட்டும். ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் நல்லாவே முழிக்கலாம்."

பெரியப்பா நெற்றியைத் தடவினார். அவருக்குத் தான் மாட்டிக்கொண்டது புரிந்துவிட்டது. ஆனால் மாட்டிக்கொண்ட இடம் வசதியாக இருந்தது போல. "அட, அதுவும் செரிதான். கேப்பாரில்லாததை எடுத்துட்டு மீதியை உடுங்க" என்றார். பெரியம்மாகூட, "அப்படிப் பண்ணுங்க" என்றாள்.

அப்போதுதான் நாலாவது வரிசையில் சூட வெளிச்சம் தெரிந்தது.

அப்பா. என் மரத்தடியில் குந்தி உட்கார்ந்திருந்தார்.

"இது என்ற சின்னப் பொண்ணுது" என்றார். சத்தமாகக்கூட இல்லை.

சென்னியப்பன் சித்தப்பா மெதுவாக, "அப்ப... அந்தக் கோடியில நிக்கற ஒல்லி, எங்க அம்மாளுதோ என்னமோ" என்று இழுத்தார். இன்னொருவர், "தகரம் இருந்தா தெரிஞ்சிருக்கும். எனக்கும் ஒண்ணு இந்த வரிசையிலதான்..." என்றார். பெரியப்பாவின் கை மறுபடி நெற்றிக்குப் போனது. அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒல்லி மரத்துக்கெல்லாம் சொந்தக்காரர் வந்துவிட்டால் திங்கட்கிழமை ரம்பம் மொத்தத்துக்கும்தான்.

"அது என்னுது இல்லீங் அப்பா" என்றேன்.

அப்பா நிமிர்ந்தார். "நானே நட்டது கண்ணு. எனக்குத் தெரியாதா?"

"நட்டவங்களுக்கு அடையாளம் மறந்துருமுங்க. இது யாருதும் இல்ல."

"அப்ப உன்றது எது?"

திரும்பினேன். ஐந்து சூடம் எரிகிற குண்டு மரத்தைக் காட்டினேன். "அதா. அதுதான்."

ராமாத்தா பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அவள் சிரித்த சிரிப்பில் வாய்க்காலில் நின்ற கொக்கு பறந்துவிட்டது. "வாங்க அம்மிணி, வாங்க. அஞ்சு பங்காளி பத்தலைன்னு ஆறாவது பங்காளி நீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். இந்தக் கோயிலில் ஒரு பெண் பிள்ளையைப் பங்காளி என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கோடியில் இழுத்த சித்தப்பாவும், "எங்க அம்மாளுது அது இல்ல, இந்தப் பெரிசுதான்" என்று திரும்பி வந்துவிட்டார்.

அப்பா சிரிக்கவில்லை. அந்தச் சூடம் அணைகிற வரைக்கும் கை மறைத்துக் காற்றுப் படாமல் பார்த்துக்கொண்டார். அப்புறம் எழுந்து, "செரி. அப்ப யாருதும் இல்ல" என்றார்.

மே 12

ஒல்லிகள் விழுந்தன. நான் போகவில்லை. வயிற்று வலி.

மே 13

வயிற்று வலி இருந்த ஆளுக்கு அக்கா ஒரு மரவில்லை கொண்டு வந்து கொடுத்தாள். நாலாவது வரிசை என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு குட்டித் தோசை அளவு. சுற்றிலும் வெள்ளை, நடுவில் பெருவிரல் அளவுக்குப் பழுப்பு வைரம். கோடுகள் லென்ஸ் இல்லாமல் தெரியவில்லை.

"இவ்வளவு நெருக்கத்துலயும் ஒரு வருசம்கூடக் கோடு போடாம இல்லடி. பாரு" என்றாள் அக்கா.

அம்மா கை துடைத்துக்கொண்டே வந்து அதை வாங்கினாள். ரொம்ப நேரம் வெட்டுப்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். "நாளைக்கு நானும் தோப்புக்கு வர்றேன்" என்றாள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் மரவில்லையில் தோசைப்பொடி போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். அம்மா சிரித்துக்கொண்டே என் தலையைப் பிடித்து வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். மூச்சு முட்டியது. அதனால்தான் கண்ணில் தண்ணீர்.

மே 16

ரிசல்ட். பாஸ். கணக்கில் எழுபத்தெட்டு. பெருக்கல் என்னை மன்னித்துவிட்டது.

ஜூன் 8

மழை இரண்டு தடவை பெய்தது. தோப்புத் தரையில் இப்போது வெயில் விழுகிறது. வெயில் பட்ட இடத்திலெல்லாம் புல். நிற்கிற மரங்கள் இன்னும் பருக்கவில்லை. அதற்கு வருஷங்கள் ஆகும் என்று அக்கா சொல்கிறாள். ஆனால் உச்சியில் புது இலை விரிகிறது. ஓர் இலையை மடியில் போட்டால் மடி நிறைகிறது.

காற்றில் குண்டு மரத்தின் கிளை ஒன்று முறிந்து விழுந்திருந்தது. அக்கா முறிந்த இடத்தைக் காட்டி, இதே மாதிரி கணு உடம்பு பூராவும் இருக்கும், பலகைக்கு ஆகாது என்று பங்காளிகளுக்கு விளக்கினாள். விளக்கியிருக்க வேண்டாம். முதலில் சென்னியப்பன் சித்தப்பாவுக்கு, தன் மரம் இது இல்லை, அந்த மூன்றாவது வரிசை நேர் மரம் என்று நினைவு வந்தது. அப்புறம் ஒவ்வொருவருக்காக வந்தது. கடைசியில் ராமாத்தா பெரியம்மாவும், "என்றது இவ்வளவு கிட்டத்துல இல்ல, மறந்தே போச்சு" என்றாள்.

ஐந்து பேரும் போய்விட்டார்கள். தோப்பிலேயே பெரிய மரம் இப்போது எனக்கு மட்டும் சொந்தம்.

ஜூன் 12

அக்கா நாளைக்குக் காலேஜ் போகிறாள். போவதற்கு முன்னால் என் மரத்துக்கு ஒரு வைத்தியம் சொன்னாள். கீழ்க்கிளைகளை உடம்போடு ஒட்டி அறுத்துவிட்டால் காயம் மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கிற கணு போகாது. ஆனால் இனிமேல் அதன் மேல் வளர்கிற மரம் கணு இல்லாமல் சுத்தமாக வரும். இன்னும் இருபது வருஷம் விட்டால் நல்ல பலகைக்கு இடம் இருக்கிறது.

"அப்ப ஏணி கொண்டா" என்றார் அப்பா. அறுப்பது நான்தான் என்று சொல்லிவிட்டேன். மரம் யாருது?

முதல் கிளைக்கு மூச்சு வாங்கியது. இரண்டாவது கிளை விழும்போது, "ஐயோ, வழுக்குது!" என்று கத்தினேன். சும்மாதான், பார்ப்போம் என்று. கீழே பார்த்தால் அப்பா ஏணியை விட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்து நீட்டிக்கொண்டு நிற்கிறார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"ஏணியைப் புடிங்க அப்பா, நான் எங்கயும் போகல" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது கிளைக்கு ஏறினேன்.